கவிழ்த்து வைத்த கைக்கடிகாரம்

“நான் ஒரு வார்த்தை சொன்னேனா? உங்க அண்ணியே சாட்சி. வாயைத் திறந்தேனா?”

“வாயைத் திறக்கல. கவுத்து வெச்சியே, அது போதாதா?”

“பழக்கம்மா அது. கை தானா செஞ்சுது.”

“கைக்குத் தெரிஞ்சது, கையோட சொந்தக்காரனுக்குத் தெரியலையாக்கும்.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்றாள் அண்ணி. “எதிர்வீட்டுல டிவி சத்தத்தைக் குறைச்சுட்டாங்க.”

அண்ணி நாகரிகமாகச் சொன்னாள். எதிர்வீட்டு அக்கா டிவியை அணைத்தே விட்டிருந்தாள். அவளையும் குறை சொல்ல முடியாது. மூன்றாம் மாடியில் அந்த வீட்டிலிருந்து சத்தம் என்று ஒன்று வெளியே வந்ததே அன்றுதான். மற்ற வீடுகளில் வாரத்துக்கு ஒரு தட்டாவது பறக்கும். இந்த வீட்டில் அண்ணனும் தங்கையும் அண்ணியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற மாதிரியே வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் அண்ணன் பார்த்த வேலை.

பெரிய கடைத்தெருவில், கதவைத் திறந்துவிடுவதற்கென்றே கோட்டு போட்ட ஒரு ஆள் நிற்கிற கடிகாரக் கடையில் அவர் விற்பனையாளர். அங்கே ஒரு கைக்கடிகாரத்தின் விலையில் இந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டை வாங்கிப் பூட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தில் கட்டிலும் பீரோவும் வாங்கலாம். வெள்ளைக் கையுறை இல்லாமல் யாரும் எதையும் தொடக்கூடாது. சத்தமாகத் தும்மக்கூடாது. அண்ணன் அந்தக் கையுறையை வீட்டுக்குக் கொண்டுவந்து, தானே துவைத்து, பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். துணிக்கொடியில் இரண்டு கைகள் காற்றில் யாரையோ கூப்பிடுவது மாதிரி ஆடும். அதைப் பார்த்துத்தான் கட்டடத்தில் அவருக்குக் ‘கையுறை’ என்று பெயர் விழுந்தது. அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

ஆனால் அவர் கையில் மட்டும் கடிகாரம் கிடையாது. கடையில் வேலை பார்ப்பவர்கள் சொந்தக் கடிகாரம் கட்டிக்கொண்டு வரக்கூடாது என்று விதி, அதுவாவது கடைக்குள்தான். லீவு நாளிலும் வெறுங்கைதான். தொட்டுப் பழகியதைக் கட்ட வசதியில்லை, கட்ட முடிந்ததைத் தொட மனசில்லை. “ஊருக்கெல்லாம் மணி காட்டி விக்கிறவரு” என்பாள் அண்ணி. “வீட்டுல மணி என்னன்னு என்னைக் கேப்பாரு. நான் அடுப்பைப் பாத்துச் சொல்லணும்.”

தங்கை அந்தக் கடிகாரங்களின் கதையைக் கேட்டே வளர்ந்தவள். அப்பா அம்மா போனபின் அண்ணன்தான் அவளுக்கு எல்லாம். சாப்பிட உட்கார்ந்தால், அன்று கடைக்கு வந்த கடிகாரத்தைப் பற்றித்தான் பேச்சு. நொடிமுள் குதிக்காமல் எப்படி எண்ணெயில் வழுக்குவதுபோல் சுற்றும் என்பார். உள்ளங்கையில் வைத்தால் ஒரு குருவிக்குஞ்சு உட்கார்ந்த மாதிரி, கனமும் இல்லாமல் லேசும் இல்லாமல் எப்படி இருக்கும் என்பார். யாருமே பார்க்கப்போகாத உள்பக்கத்துச் சக்கரத்தைக்கூட எவனோ ஒருவன் மாசக்கணக்கில் உட்கார்ந்து தேய்த்து மெருகேற்றியிருப்பான் என்று சொல்லும்போது அண்ணன் எடுத்த கவளம் கையிலேயே நிற்கும். “யாரும் பாக்காத இடத்துலயும் ஒழுங்கா இருக்கு பாரு, அதான் ஒரிஜினல்.” சாதம் ஆறிப்போகும். அண்ணி தட்டைத் தட்டுவாள்.

போலிகளைப் பற்றியும் சொல்வார். அசல் மாதிரியே செய்து, அசலின் பெயரையே போட்டு, நடைபாதையில் கூவி விற்கிறார்களே, அவை. அதை அசலென்று நம்பிக் கட்டிக்கொண்டு, பட்டை மாற்றவோ கண்ணாடி துடைக்கவோ அந்தக் கடைக்கே வருகிறவர்கள் உண்டு. மருமகன் போட்டது, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியது என்று ஆசையாகக் கழற்றிக் கொடுப்பார்கள். அங்கேதான் கடைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கடிகாரத்தை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். மேஜைமேல் துணி விரித்து வைக்க வேண்டும். அசலென்றால் முகம் மேலே. போலியென்றால் கவிழ்த்து. கவிழ்ந்திருப்பதைப் பார்த்தால் மற்ற விற்பனையாளர்கள் பக்கத்தில் வரமாட்டார்கள், ஒன்றும் கேட்கமாட்டார்கள். “பழுது பாக்கிறவர் லீவுல இருக்காருங்க” என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வந்தவர் வந்த பெருமையோடு திரும்பிப் போவார். “என் மேஜையில இதுவரைக்கும் ஒருத்தர் தலைகுனிஞ்சு போனதில்ல” என்று அண்ணன் சொல்லிக்கொள்வார். உண்மையாகவே நல்ல வழக்கம்தான். கடையோடு அது நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தங்கைக்கு நாற்பது எட்டிப் பார்க்கிற வயசு. அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கட்டடத்துச் சின்னப் பையன்கள்வரை அவளுக்குத் ‘தங்கச்சி’ என்றே பெயர். ஒரு பல்லாஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். வீங்கிய கன்னங்களுக்கு வரிசைப்படி டோக்கன் கொடுப்பது, உள்ளே கத்துகிற சத்தம் வெளியே கேட்கும்போது ஃபேனை வேகமாக வைப்பது, இதுதான் உத்தியோகம். அவளுக்குப் பார்த்த வரன்களை அண்ணன் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றார். ஒருவன் நிறையப் பேசினான், ஒருவன் பேசவே இல்லை, இன்னொருவன் செருப்பைச் சரியாக விடவில்லை. அப்புறம் வரன் வருவதே நின்றுபோனது. அவளும் விட்டுவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரி இருந்தது நாலாம் மாடி. ஒரு நாள் மதியம் தங்கை லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். விளக்கும் போய்விட்டது. கூட ஒரு கடைவாய்ப்பல் பெரியவர், வலியோடு பயமும் சேர்ந்து முனகிக்கொண்டிருந்தார். மேலே எங்கேயோ ஒரு இடுக்கிலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

“பயப்படாதீங்க. கயிறு அறாது.”

“அறுந்தா?” என்றாள் தங்கை.

“அறுந்தா பிரேக் பிடிச்சிக்கும்.”

“பிரேக்கும் பிடிக்கலைன்னா?”

மேலே எதையோ திருகுகிற சத்தம் நின்றது. “அப்ப நீங்க எனக்கு முன்னாடி கீழ போயிடுவீங்க. நான் படியில வந்து சேந்துக்கறேன்.”

இருட்டில் அவள் சிரித்தாள். கடைவாய்ப்பல் பெரியவருக்குக் கோபம் வந்தது. லிஃப்ட் மெக்கானிக் அறிமுகமானது அப்படித்தான். அதன்பின் அந்த லிஃப்டுக்கு அடிக்கடி எண்ணெய் போட வேண்டியிருந்தது. நன்றாக ஓடும்போதே வந்து, ஏதோ சத்தம் கேட்கிறது என்பார். “நீ இங்க வேலைக்கு இருக்கிறவரைக்கும் அந்த லிஃப்டுக்கு உடம்பு தேறாதும்மா” என்றார் பல் டாக்டர். மெக்கானிக்குக் கல்யாணமாகவில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, அவள் போனபின் தனி அறையில் இருந்தார். கையில் கறுப்புப் பிளாஸ்டிக் கடிகாரம். கண்ணாடி முழுக்கக் கீறல். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் மணி சொல்ல வேண்டும். அதைச் சாய்த்துப் பார்க்கிற அழகிலேயே தங்கைக்கு அவரைப் பிடித்துப்போயிற்று என்றால் யாருக்கும் புரியாது. ஆனால் அப்படித்தான்.

அண்ணனிடம் சொன்னாள். தனக்கு வேண்டும் என்று அவள் கேட்ட முதல் விஷயம் இதுதான். அண்ணனை மீறிப் போகிற தைரியம் இல்லாமலில்லை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற கல்யாணம் அவளுக்கு வேண்டாம், அவ்வளவுதான். “வரச் சொல்லு, பாக்கலாம்” என்றார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் வந்தார். கட்டடத்தில் அன்று படிக்கட்டைப் பெருக்குகிறவர்களும் பால்கனியில் துணி உதறுகிறவர்களும் வழக்கத்தைவிட அதிகம். தேய்த்த சட்டை, நகக்கண்ணில் துளி கிரீஸ் இல்லை. சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்திருந்தார். அந்த மடிப்புக்குக் கீழே, நீல முகமும் தங்க விளிம்புமாக ஒரு பெரிய கடிகாரம்.

கதவைத் திறந்த தங்கையின் கண் அதில்தான் போய் நின்றது. அந்தக் கடிகாரத்தை அவள் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறாள். அண்ணன் தினமும் காலையில் தூரிகையால் தூசி தட்டுகிற, கடை முகப்புக் கண்ணாடிக்குள் தனியாக விளக்குப் போட்டு வைத்திருக்கிற கடிகாரம் அது. அதே மாதிரி ஒன்று.

அண்ணனும் பார்த்தார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சு நன்றாகவே போனது. மெக்கானிக் அவரை ‘அண்ணா’ என்றார், அண்ணியை ‘அண்ணி’ என்றார். தேநீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். அண்ணி அப்போதே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். சாய்ந்த வேகத்தில், “தம்பி, தப்பா நினைக்காதீங்க, இந்த ஃபேன் ரெகுலேட்டர் ஒரு மாசமா பொறி பறக்குது. இவரு கடிகாரத்தைத் தவிர எதையும் தொடமாட்டாரு” என்றாள்.

மெக்கானிக்குக் குஷி வந்துவிட்டது. மாப்பிள்ளையாக வந்த இடத்தில் தெரிந்த வேலை கிடைத்தால் யாருக்குத்தான் வராது? எழுந்தார். மின்சாரத்தில் கைவைக்குமுன் உடம்பில் இருக்கிற உலோகத்தை எல்லாம் கழற்றிவிடுவது அவர்கள் தொழிலில் முதல் பாடம். மோதிரமோ சங்கிலியோ கடிகாரமோ, யோசிக்காமல் கை கழற்றும்; பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுக்கும். பக்கத்தில் நின்றது அண்ணன்.

அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளங்கையில் ஒரு கணம் வைத்தார். பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தார். கடிகாரத்தை அதன்மேல், பூப்போல, கவிழ்த்து வைத்தார்.

ரெகுலேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. அண்ணி தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தது தங்கை மட்டும். அவளுக்கு ஃபேன் சுற்றுகிற சத்தம் திரும்பக் கேட்கிறவரை வேறெதுவும் கேட்கவில்லை.

“ஆச்சு அண்ணி, இனிமே பொறி வராது” என்று திரும்பிய மெக்கானிக், கைக்குட்டையைப் பார்த்து நின்றார். முகம் மலர்ந்தது. “என்னண்ணா இது, கைக்குட்டையெல்லாம் விரிச்சு” என்று கூச்சத்தோடு எடுத்துக் கட்டிக்கொண்டார். போகும்போது எதிர்வீட்டு அக்காவுக்குக்கூட ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் ஆரம்பித்ததுதான் அந்தச் சண்டை.

“பொய்யைக் கையில கட்டிக்கிட்டு வந்திருக்கான்” என்றார் அண்ணன். “முதல் நாளே இப்படின்னா நாளைக்கு என்னென்ன சொல்வான்?”

“கட்டினா என்ன? வாட்ச்சத்தானே கட்டிக்கிட்டு வந்தார், கொலையா பண்ணிட்டு வந்தார்?”

“உனக்குப் புரியாதும்மா.”

“எனக்கா? சோத்தோட சோறா பிசைஞ்சு ஊட்டியிருக்கே. எனக்குப் புரியாதா?” தங்கை மேஜையில் கிடந்த கைக்குட்டையை எடுத்து அவர் முன்னால் போட்டாள். “ஒண்ணு சொல்லட்டுமா அண்ணா? அவர் ஒரு நாள்தான் வேஷம் கட்டினார். நீ தினமும் வெறுங்கையைக் காட்டிக்கிட்டுத் திரியறியே, அது என்னவாம்? வாங்க வக்கில்லாததை வாங்கப் பிடிக்காததா காட்டிக்கிட்டு.”

அதன்பின் அந்த வீட்டில் சத்தமில்லை. எதிர்வீட்டு அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். “நம்ம கல்யாணத்துக்கு நீங்க போட்டுக்கிட்டு வந்த கோட்டு யாரோடது?” என்று மட்டும் கேட்டாள். கடை மானேஜருடைய கோட்டு அது. மறுநாளே திருப்பிக் கொடுத்தாயிற்று. அன்று அண்ணன் இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டார். வீட்டில் காற்று மாறுகிற மாதிரிதான் இருந்தது.

தங்கைக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பொறுத்திருப்பாளோ என்னவோ. அவள் பாடு வேறாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த மெக்கானிக் அண்ணனைப் பற்றியே பேசினார். “உங்க அண்ணன் பெரிய மனுஷங்க. கைக்குட்டை விரிச்சு வெச்சாரு பாருங்க” என்றார். கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னாராம். டீக்கடையில் சொன்னாராம். பல் டாக்டரிடமே சொன்னார். கேட்கக் கேட்கத் தங்கைக்கு உடம்பு எரிந்தது. இந்த மனுஷன் தன் அவமானத்தைத் தானே ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாரே, கடிகாரம் தெரிந்தவன் எவனாவது கேட்டால் சிரிப்பானே என்று இருந்தது. அதைவிட, தெரிந்துகொண்டே தானும் வாய்மூடி இருப்பது அவரைத் தானும் சேர்ந்து கவிழ்த்து வைப்பது மாதிரி இருந்தது. சொல்லிவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிடலாம் என்று நினைத்தாள். லிஃப்டுக்குள் இருட்டில் கயிறு அறுவதைப் பற்றியே சிரித்தவர்கள்தானே.

மாடிப்படித் திருப்பத்தில் வைத்துச் சொன்னாள். கடையின் வழக்கத்தையும் மேல்பக்கம் கீழ்பக்கத்தையும் சொல்லி, சிரித்துக்கொண்டேதான் சொல்லி முடித்தாள்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. அன்று பிளாஸ்டிக் கடிகாரம்தான் கட்டியிருந்தார். அதை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“டூப்ளிகேட்டுன்னு எனக்குத் தெரியாதாங்க? நான்தானே நடைபாதையில பேரம் பேசி வாங்கினேன்.”

“அப்ப ஏன் கட்டிக்கிட்டு வந்தீங்க?”

“நீங்க சொல்லிச் சொல்லித்தான். அண்ணன் அதைத் தொட்டார், இதைத் தூசி தட்டினார்னு. அப்படிப்பட்டவர் முன்னாடி இதைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கக் கூச்சமா இருந்தது.” பிளாஸ்டிக் கடிகாரத்தின் கீறலைக் கட்டைவிரலால் தேய்த்தார். “அவர் கைக்குப் போனதும் கண்டுபிடிச்சிருப்பார்னு தெரியும். தெரிஞ்சும் துணி விரிச்சு வெச்சாரேன்னுதான் நினைச்சேன். போலின்னு தெரிஞ்சும் மரியாதை குடுத்தாரேன்னு. அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

அவர் சந்தோஷப்பட்டது கடிகாரத்துக்காக இல்லை என்பது தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் கை செய்ததை அவர் அறியாமலே போயிருப்பார். அதை அவர் கண்ணுக்குக் கொண்டுவந்தது அவள் வாய்.

“அப்ப வரேங்க, வேலை கிடக்கு” என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் படியிறங்கிப் போனார். லிஃப்ட் அன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த முறை எண்ணெய் போட வேறொரு ஆள் வந்தார்.

அண்ணனிடம் தங்கை ஒன்றும் சொல்லவில்லை, அவள் தன்னிடம் சொன்னதை அண்ணிதான் அவரிடம் சொன்னாள். தன் வார லீவு நாளில் அண்ணன், யாரிடமும் சொல்லாமல், லிஃப்ட் கம்பெனியின் பட்டறையைத் தேடிப்பிடித்துப் போனார். இரும்புச் சக்கரங்களும் கயிற்றுச் சுருள்களும் கிடக்கிற முற்றம். கால் வைக்கிற இடமெல்லாம் எண்ணெய். வாழ்க்கையில் கையில் ஒரு கறை படாமல் இருந்தவர், அங்கே இருந்த ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்து காத்திருந்தார். திரும்பி வந்தபோது கால்சட்டையில் பெரிய கறுப்பு வட்டம். அண்ணி அதைப் பற்றிக் கேட்கவில்லை.

தங்கை சமையலறை வாசலில் நின்றாள்.

“பாத்தேம்மா. நல்லாப் பேசினான். டீ வாங்கிக் குடுத்தான். வீட்டுக்கு வாங்க, மேற்கொண்டு பேசலாம்னு சொன்னேன். என் மேலதான் தப்புன்னும் சொன்னேன். சரின்னான்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல.” அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் கிளம்பறப்ப, ‘போய்ட்டு வாங்க சார்’னான். அன்னிக்கு வந்ததுலேருந்து போறவரைக்கும் அண்ணா அண்ணான்னு கூப்பிட்டவன். சார்ங்கறான்மா.”

முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையைத் தேடினார். கிடைத்தது, எடுத்த கையோடு திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டார். தங்கை போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சண்டைபோட இருவரிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

ஒருமுறை அவளே ஃபோன் செய்தாள். மெக்கானிக் எடுத்தார், அன்பாகவே பேசினார்.

“கோவமெல்லாம் இல்லீங்க. உங்க அண்ணன் நல்லவரு. ஆனா நான் உங்க வீட்டுல ஒரு டம்ளரைக் கீழ வெச்சாலும் அவர் அதைப் பாக்கறாரான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அவர் எதை எப்படி வெச்சாலும், எதுக்கு அப்படி வெச்சாருன்னு யோசிப்பேன். நீங்க நடுவுல நின்னுக்கிட்டு அதுக்கு அர்த்தம் சொல்லணும். வேண்டாங்க.”

“நான் சொல்லாம இருந்திருந்தா?”

“சொல்லாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார். அவருக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

மெக்கானிக் அதன்பின் துறைமுக ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அங்கே வானத்தைத் தொடுகிற மாதிரி கட்டடங்கள் எழும்புகின்றனவாம், லிஃப்டுக்குப் பஞ்சமில்லை. கம்பெனிக் கேன்டீனில் சமைக்கிற ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த ஒரு பிள்ளை உண்டு, அவர் தோளில்தான் அது தூங்குமாம். பல் டாக்டர் ஆஸ்பத்திரியைத் தெருவோரம் ஒரு தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டார். அண்ணனுக்கு வேலை ஓய்வு கிடைத்ததும் அவரும் அண்ணியும் அண்ணியின் தம்பி வீட்டு மாடிக்குக் குடிபோனார்கள். தங்கையையும் கூப்பிட்டார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள். அவள் யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் விடுதிக் காப்பாளர் வேலை கிடைத்து, ஒரே ஒரு பெட்டியோடு பஸ் ஏறினாள். முகவரியை எதிர்வீட்டு அக்காவிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள். இதுவரை யாரும் கேட்கவில்லை.